மீடியேட்டர் பேட்டர்ன்: எந்த விதி நடுவில் இருக்க வேண்டும், எது கூடாது?

மடிப்பாக்கம் | ஆகஸ்ட் 11, காலை 9.40

12 வீடு உள்ள அபார்ட்மென்ட்டுக்கு மோட்டார் கன்ட்ரோலர், பைத்தானில். கீழே சம்ப், மாடியில் மேல் டேங்க், சம்ப்பிலிருந்து மேலே தள்ளும் ஏற்று மோட்டார், சம்ப்பை நிரப்பும் போர் மோட்டார், வோல்டேஜ் சென்சார், வாட்ச்மேன் அழுத்தும் பேனல். ஆறு கிளாஸ். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதைக் கன்ஸ்ட்ரக்டரிலேயே வாங்கி வைத்திருக்கிறது. டேங்க் கிளாஸ் மோட்டாரை நேராக ஆன் செய்கிறது, மோட்டார் கிளாஸ் சம்ப்பை எட்டிப் பார்க்கிறது, போர் மோட்டார் கிளம்பும் முன் ஏற்று மோட்டாரைக் கேட்கிறது. இப்போது மெட்ரோ வாட்டர் லாரிக்கு ஒரு வால்வு சேர்க்க வேண்டும். எங்கே கை வைத்தாலும் நாலு ஃபைல் மாறுகிறது.

மீடியேட்டர் போடு என்கிறார்கள், அதாவது பொருட்கள் தங்களுக்குள் நேராகப் பேசாமல் நடுவில் உள்ள ஒரு கிளாஸிடம் மட்டும் பேசும் முறை. போட்டால் எல்லா இஃப்-எல்ஸும் ஒரே கிளாஸில் குடியேறிவிடும் போலிருக்கிறதே. ஆறு வாளிக் குப்பையை ஒரே அண்டாவில் கொட்டுவதுதானா இது?

பெரம்பூர் | ஆகஸ்ட் 11, காலை 10.15

கொட்டினால் அப்படித்தான் ஆகும். எல்லாவற்றையும் கொட்டக்கூடாது.

ஆறு பொருள் ஒன்றையொன்று தெரிந்து வைத்திருந்தால் 15 ஜோடி. ஏழாவதாக லாரி வால்வு வந்தால் 21. நடுவில் ஒருவரை வைத்தால் ஏழே ஏழு இணைப்பு. கணக்கு இதுதான்.

எதை நடுவுக்குக் கொண்டு போவது என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை: விதியைத் தமிழில் ஒரு வரியாகச் சொல்லிப் பாருங்கள். அந்த வரியில் இரண்டு பொருளின் பெயர் வந்தால் மீடியேட்டருக்கு. ஒரே பெயர் வந்தால் அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கட்டும்.

"சம்ப் வறண்டால் ஏற்று மோட்டார் நிற்க வேண்டும்." இரண்டு பெயர், நடுவுக்குப் போகும்.
"மோட்டார் நின்று மூன்று நிமிடம் ஆகாமல் மறுபடி கிளம்பக்கூடாது." ஒரு பெயர், மோட்டார் கிளாஸிலேயே இருக்கும்.
"ஃப்ளோட் ஸ்விட்ச் அலையில் ஆடினால் ஐந்து விநாடி நிலைத்த பிறகே நம்ப வேண்டும்." ஒரு பெயர். இதை மீடியேட்டரில் எழுதியிருக்கும் கோட் நிறையப் பார்க்கலாம். அண்டா ரொம்புவது இப்படித்தான்.

பெரம்பூர் | ஆகஸ்ட் 11, காலை 10.50

வடிவம் இவ்வளவுதான். நிஜக் கோட் இல்லை, எலும்புக்கூடு. இதில் "கரன்ட்" என்பது வோல்டேஜ் சென்சார், "ஏற்று" என்பது ஏற்று மோட்டார்.

கிளாஸ் நீர்ப்பொறுப்பாளர்:
    டேங்க்_மாறியது(): முடிவெடு()
    சம்ப்_மாறியது(): முடிவெடு()
    கரன்ட்_மாறியது(): முடிவெடு()
    பேனல்_மாறியது(): முடிவெடு()

    முடிவெடு():
        தேவை = டேங்க்.குறைவா() அல்லது பேனல்.ஏற்றச்_சொன்னதா()
        முடியும் = கரன்ட்.சரியா() மற்றும் சம்ப்.போதுமா()
        தேவை மற்றும் முடியும் எனில்: ஏற்று.ஓடு()
        இல்லையெனில்: ஏற்று.நில்()

டேங்க்குக்கு மோட்டார் என்று ஒன்று இருப்பதே தெரியாது. "நான் மாறிவிட்டேன்" என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. யாரிடம் சொல்கிறோம் என்பதும் அதற்கு ஒரு இன்டர்ஃபேஸ்தான், அல்லது பைத்தானில் ஒரு கால்பேக் (மாறும்போது கூப்பிடு என்று கொடுத்து வைக்கும் ஃபங்ஷன்).

புத்தகங்களில் வரும் notify மாதிரி ஒரே மெத்தட் வைத்து, யார் அனுப்பியது, என்ன நடந்தது என்று ஸ்ட்ரிங்கில் அனுப்பாதீர்கள். ஒரு எழுத்து தப்பினால் எந்த இஃப்பிலும் விழாது, எர்ரரும் வராது, மோட்டார் மட்டும் கிளம்பாது. ஒவ்வொரு செய்திக்கும் தனி மெத்தட். நாலு வரி கூடினால் கூடட்டும்.

பெரம்பூர் | ஆகஸ்ட் 11, காலை 11.05

மேலே ஆங்கில மெத்தட் பெயரை அப்படியே ரோமன் எழுத்தில் போட்டுவிட்டேன். "நோட்டிஃபை" என்று படிக்கவும்.

அம்பத்தூர் | ஆகஸ்ட் 11, மதியம் 1.20

இது ஈவென்ட் பஸ்தானே? நாங்கள் டாட்நெட்டில் மீடியட்-ஆர் லைப்ரரி வைத்து இதையேதான் செய்கிறோம்.

பெரம்பூர் | ஆகஸ்ட் 11, மதியம் 2.00

இல்லை. ஈவென்ட் பஸ் தபால்காரர். கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டு போய்ச் சேர்ப்பார். மீடியேட்டர் நாட்டாமை. எல்லாரையும் கேட்டு முடிவு சொல்வார். பஸ்ஸில் முடிவெடுக்கும் வேலை கடிதம் வாங்குகிறவர்களிடமே இருக்கிறது. அதாவது சம்ப் வறண்ட செய்தியைக் கேட்டு என்ன செய்வது என்று மோட்டார்தான் யோசிக்க வேண்டும். விதி மறுபடி மோட்டாருக்குள் போய்விட்டது.

மீடியட்-ஆர் லைப்ரரியில் "சென்ட்" ஒரு கோரிக்கையை அதற்கென்று உள்ள ஒரே ஹேண்ட்லரிடம் (அந்த வேலையைச் செய்யும் கிளாஸிடம்) கொடுக்கும். "பப்ளிஷ்" ஒரு அறிவிப்பைப் பல ஹேண்ட்லர்களுக்குக் கொடுக்கும். கோரிக்கை அனுப்பும் கிளாஸுக்கும் ஹேண்ட்லருக்கும் நேரடித் தொடர்பை அறுக்கிறது, அந்த அளவில் பெயர் பொருந்தும். ஆனால் பொருட்கள் தங்களுக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதி எதுவும் அதற்குள் கிடையாது. பிஹேவியர் பைப்லைன் (எல்லாக் கோரிக்கைக்கும் முன்னும் பின்னும் பொது வேலையைச் செருகும் வசதி) வேண்டும் என்றால் அதை எடுங்கள், நல்ல வசதி. மீடியேட்டர் பேட்டர்னைப் படிக்க அதை எடுக்காதீர்கள். இன்னொன்று, 2025-ல் அது வணிக உரிமத்துக்கு மாறிவிட்டது. புதுப் பதிப்புக்கு ஏறும் முன் லைசென்ஸைப் படியுங்கள்.

1994-ல் கேமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடஸ் நால்வரும் 23 பேட்டர்ன்களைத் தொகுத்தபோது மீடியேட்டருக்குக் கொடுத்த உதாரணம் எழுத்துரு தேர்ந்தெடுக்கும் டயலாக் பெட்டி. லிஸ்ட்டில் ஒன்றைத் தொட்டால் என்ட்ரி பெட்டியில் அது வர வேண்டும், பட்டன் உயிர்பெற வேண்டும். லிஸ்ட்டுக்குப் பட்டனைத் தெரியாது. இரண்டு பெயர் வரும் விதி முழுக்க டயலாக் டைரக்டரிடம். எல்லாக் கட்டுப்பாடும் நடுவில் குவிந்து பராமரிக்க முடியாத மொத்தையாகிவிடலாம் என்ற குறையையும் அவர்களே எழுதி வைத்தார்கள். மடிப்பாக்கம் கேட்ட அண்டாக் கேள்வி 1994-லேயே இருந்ததுதான்.

மடிப்பாக்கம் | ஆகஸ்ட் 12, காலை 8.10

எழுதி ஓட்டினேன். மேல் டேங்க் குறைவுக் கோட்டைத் தாண்டி ஒரு அங்குலம் ஏறியதும் மோட்டார் நின்றுவிடுகிறது. யாராவது குழாயைத் திறந்ததும் மறுபடி ஆன். விட்டு விட்டு ஓடுகிறது.

பெரம்பூர் | ஆகஸ்ட் 12, காலை 8.30

என் எலும்புக்கூட்டில்தான் தப்பு. "குறைவா" என்று கேட்டது போதாது. குறைந்தால் கேட்க ஆரம்பித்து, நிறையும் வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் இருக்கும்போது முன்பு என்ன நிலையோ அதுவே தொடர வேண்டும்.

இப்போது அதே சோதனை: "டேங்க் குறைந்தால் நிறையும் வரை தண்ணீர் கேட்கும்." ஒரே பெயர். ஆகவே இது டேங்க் கிளாஸில். டேங்க்.கேட்கிறதா() என்று ஒரு மெத்தட், உள்ளே ஒரு பூலியன் (ஆம்/இல்லை) நினைவு. மீடியேட்டரில் "முந்தைய நிலை" என்று ஒரு வேரியபிள் போட நினைத்தீர்களானால் அதை அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னொரு தப்பும் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. "அல்லது பேனல்" என்று எழுதியதால் டேங்க் ததும்பினாலும் வாட்ச்மேன் அழுத்தினால் மோட்டார் ஓடும். மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும். தேவையையும் தடையையும் பிரித்து எழுத வேண்டும்:

        தேவை = டேங்க்.கேட்கிறதா() அல்லது பேனல்.ஏற்றச்_சொன்னதா()
        தடை = டேங்க்.நிறைந்ததா() அல்லது சம்ப்.வறண்டதா() அல்லது கரன்ட்.கெட்டதா()
        தேவை இருந்து தடை இல்லை எனில்: ஏற்று.ஓடு()
        இல்லையெனில்: ஏற்று.நில்()

தடை எப்போதும் தேவையை வெல்லும். இந்த இரண்டு வரியைத் தனித்தனியாக வைத்தால் புது விதி வரும்போது எந்த வரியில் சேர்ப்பது என்று குழப்பம் வராது.

பெரம்பூர் | ஆகஸ்ட் 12, காலை 9.15

தொடர்ச்சி. டேங்க் நிறைந்ததும் பேனலின் கோரிக்கையை ரத்து செய்ய வேண்டும். இல்லையென்றால் மட்டம் ஒரு அங்குலம் இறங்கியதும் பழைய கோரிக்கை உயிரோடு இருந்து மோட்டார் மறுபடி கிளம்பும், உச்சியில் அதே விட்டு விட்டு ஓட்டம். இதில் டேங்க், பேனல் இரண்டு பெயரும் இருப்பதால் மீடியேட்டரில்: டேங்க்.நிறைந்ததா() எனில் பேனல்.ரத்து().

பெரம்பூர் | ஆகஸ்ட் 12, இரவு 9.40

நேற்று போட்ட 15, 21 கணக்கைத் திருத்துகிறேன். 15 என்பது எல்லாரும் எல்லாரோடும் பேசினால். இங்கே அப்படி இல்லை. நிஜமாக எண்ணினால்: சம்ப்-ஏற்று, சம்ப்-போர், டேங்க்-ஏற்று, கரன்ட்-ஏற்று, கரன்ட்-போர், பேனல்-ஏற்று, பேனல்-போர், ஏற்று-போர். எட்டுதான். எட்டிலிருந்து ஆறாகக் குறைவது பெரிய லாபம் இல்லை. வோல்டேஜ் சென்சாருக்கும் சம்ப்புக்கும் என்ன பேச்சு?

லாபம் வேறு இடத்தில். "ஏற்று மோட்டார் எப்போது ஓடும்?" என்று கேட்டால் பழைய கோடில் டேங்க், சம்ப், கரன்ட், பேனல், போர் என்று ஐந்து ஃபைல் படிக்க வேண்டும். இப்போது பதில் ஒரே மெத்தடில். இணைப்பு எண்ணுவதை விட்டு, ஒரு கேள்விக்குப் பதில் தேட எத்தனை ஃபைல் திறக்கிறோம் என்று எண்ணுங்கள். இரண்டு பொருள் மட்டும் பேசிக்கொள்ளும் இடத்தில் இந்தப் பேட்டர்னே வேண்டாம்.

மடிப்பாக்கம் | ஆகஸ்ட் 13, காலை 10.05

சிமுலேட்டரில் புதுப் பிரச்சினை. ரிகர்ஷன் எர்ரர், ஒரு மெத்தட் முடியாமலே திரும்பத் திரும்பக் கூப்பிடப்படுகிறது. ட்ரேஸில் முடிவெடு, ஓடு, கரன்ட்_மாறியது, முடிவெடு, நில், கரன்ட்_மாறியது, முடிவெடு என்று சுற்றிக்கொண்டே போகிறது.

பெரம்பூர் | ஆகஸ்ட் 13, காலை 10.40

மீடியேட்டரில் எல்லாருக்கும் வரும் வியாதி இது. ஓடு() என்று கூப்பிட்டதும் சிமுலேட்டர் வோல்டேஜை இறக்குகிறது. சென்சார் உடனே "நான் மாறினேன்" என்கிறது. முதல் முடிவெடு() இன்னும் முடியவில்லை, அதற்குள் இரண்டாவது. அது நிறுத்துகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, மூன்றாவது. பைத்தான் வழக்கமாக 1000 அடுக்கில் நிறுத்திவிடும்.

இதில் இரண்டு தனிப் பிரச்சினை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தனித்தனியாகப் பிரியுங்கள்.

ஒன்று, கோட் பிரச்சினை: உள்ளே இருக்கும்போதே உள்ளே நுழைவது. "ஏற்கனவே உள்ளே இருக்கிறேனா, அப்படியானால் திரும்பிப் போ" என்று ஒரு ஃப்ளாக் (ஆம்/இல்லை குறி) போடுவது எல்லாருக்கும் முதலில் தோன்றும். எர்ரர் போய்விடும். ஆனால் வந்த செய்தியும் தொலைந்துவிடும். சம்ப் வறண்ட செய்தி அந்தக் கணத்தில் வந்திருந்தால் மோட்டார் ட்ரை ரன்னில், தண்ணீரில்லாமல் ஓடும். சரியான முறை இது, நாலு மாறியது() மெத்தடும் முடிவெடு()வுக்குப் பதில் இதைக் கூப்பிடட்டும்:

    ஏதோ_மாறியது():
        மறுபடி_பார் = உண்மை
        வேலையில்_இருக்கிறேன் எனில்: திரும்பு
        வேலையில்_இருக்கிறேன் = உண்மை
        மறுபடி_பார் இருக்கும் வரை:
            மறுபடி_பார் = பொய்
            முடிவெடு()
        வேலையில்_இருக்கிறேன் = பொய்

கடைசி வரி ஃபைனலி பிளாக்கில் (எர்ரர் வந்தாலும் கட்டாயம் ஓடும் பகுதியில்) இருக்க வேண்டும். முடிவெடு() நடுவில் எக்செப்ஷன் வந்து அந்த வரி ஓடாமல் போனால் அதன்பின் கன்ட்ரோலர் எந்தச் செய்தியையும் கேட்காது, எர்ரரும் காட்டாது. சுற்றுக்கும் ஒரு வரம்பு வையுங்கள், 20 போதும். தாண்டினால் இரண்டு மோட்டாரையும் நிறுத்தி அலாரம்.

இரண்டாவது, நிஜ உலகப் பிரச்சினை. இண்டக்ஷன் மோட்டார் நேராகக் கிளம்பும்போது முழுச் சுமை மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். வோல்டேஜ் ஒரு கணம் இறங்கத்தான் செய்யும். சிமுலேட்டர் பொய் சொல்லவில்லை. சென்சார் கிளாஸில் "மூன்று விநாடி தொடர்ந்து குறைவாக இருந்தால்தான் கெட்டது" என்று வையுங்கள்.

பெரம்பூர் | ஆகஸ்ட் 13, மாலை 6.20

காலையில் சொன்ன "மறுபடி_பார்" முறை ஏன் போதுமானது என்று எழுதாமல் விட்டேன். முடிவெடு() செய்தியின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொருவரின் இப்போதைய நிலையைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது. அதனால் மூன்று செய்தி ஒன்றாகச் சுருங்கினாலும் நஷ்டமில்லை. செய்தியிலேயே விஷயம் இருந்தால் இது உதவாது, வரிசையாக க்யூவில் போட வேண்டும்.

பேனல் பட்டன் இங்கே கண்ணி. அழுத்தியது ஒரு கணம், விட்டால் போயிற்று. பேனல் கிளாஸ் அதைக் "கோரிக்கை நிலுவையில்" என்று நிலையாக மாற்றி வைத்திருக்க வேண்டும். ஏற்றச்_சொன்னதா() அதைத்தான் படிக்கும்.

கொட்டிவாக்கம் | ஆகஸ்ட் 14, காலை 11.30

மீனம்பாக்கம் ஏர்போர்ட் டவரைத்தான் எல்லாரும் மீடியேட்டருக்கு உதாரணம் சொல்வார்கள். விமானங்கள் தங்களுக்குள் பேசாது, டவரிடம் பேசும். சரியான உதாரணம்தானா? இன்னொன்று, சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் இதை எழுதினால் மெமரி விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

பெரம்பூர் | ஆகஸ்ட் 14, மதியம் 12.45

சென்னைக்கு மற்ற பல ஊரைவிட நன்றாகப் பொருந்தும். அங்கே இரண்டு ஓடுபாதையும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஒன்றில் விமானம் போகும்போது மற்றதில் என்ன செய்யலாம் என்ற விதி எந்த ஓடுபாதைக்கும் தனியாகச் சொந்தமில்லை. டவரில்தான் இருக்க முடியும்.

ஆனால் எல்லாரும் விட்டுவிடும் பாதி ஒன்று உண்டு. தன் விமானத்தின் பாதுகாப்பில் கடைசி அதிகாரம் கேப்டனுக்கு. இறங்கும்போது சரியில்லை என்று பட்டால் மேலே தூக்கிவிட்டுப் பிறகு டவருக்குச் சொல்வார், அனுமதிக்குக் காத்திருக்க மாட்டார். நம் ஓவர்லோட் ரிலேயும் அப்படித்தான். மோட்டார் சூடேறினால் கேட்காமல் ட்ரிப் ஆக வேண்டும், நின்ற பிறகு மீடியேட்டரிடம் சொல்ல வேண்டும். தன்னைக் காத்துக்கொள்ளும் வேலையை நடுவில் வைத்தால், மீடியேட்டரில் ஒரு பக் வந்த அன்று வைண்டிங் கருகும். ஃப்ளோட் வயர் அறுந்தால் மேல் டேங்க் "நிறைவு" என்றும் சம்ப் "வறட்சி" என்றும் படிக்கும்படி வயரிங் இருக்க வேண்டும். இதுவும் அந்தந்தப் பொருளின் வேலை.

சி ப்ளஸ் ப்ளஸ்: மீடியேட்டரும் உறுப்புகளும் ஒன்றையொன்று ஷேர்ட் பாயின்ட்டரில் (பிடித்திருக்கும் கடைசி ஆள் விடும் வரை பொருளை அழிக்காதது) பிடித்தால் சுழல், இரண்டும் அழியாது. மீடியேட்டர் உறுப்புகளை யூனிக் பாயின்ட்டரில் (ஒரே உரிமையாளர் உள்ளது) சொந்தமாக வைக்கட்டும். உறுப்பு மீடியேட்டரைச் சாதாரண ரெஃபரன்ஸில் வைக்கட்டும். கிளாஸ் மெம்பர்கள் அறிவித்த வரிசைக்குத் தலைகீழாக அழியும். மோட்டாரின் டெஸ்ட்ரக்டர் (பொருள் அழியும்போது ஓடும் மெத்தட்) "நின்றுவிட்டேன்" என்று செய்தி அனுப்பினால், அதற்குள் பாதி அழிந்த மீடியேட்டர் ஏற்கனவே போய்விட்ட டேங்கைக் கேட்கும். டெஸ்ட்ரக்டரிலிருந்து செய்தி அனுப்பாதீர்கள். பைத்தானில் குப்பை சேகரிப்பான் சுழலைப் பார்த்துக்கொள்ளும்.

மடிப்பாக்கம் | ஆகஸ்ட் 16, காலை 7.50

சில நேரம் டேங்க் காலியாக இருக்கிறது, சம்ப் நிறைய, கரன்ட் சரி, மோட்டார் மட்டும் சும்மா நிற்கிறது. பேனலைத் தொட்டால் கிளம்பிவிடுகிறது.

பெரம்பூர் | ஆகஸ்ட் 16, காலை 8.20

மூன்று நிமிட ஓய்வு விதிதான் காரணமாக இருக்கும். மோட்டாருக்குள் வைக்கச் சொன்னேன், மீதியைச் சொல்லாமல் விட்டேன். மீடியேட்டர் ஓடு() என்றது, மோட்டார் ஓய்வில் இருந்ததால் மறுத்தது. அதோடு கதை நின்றது. மூன்று நிமிடம் முடிந்தபோது யாரும் எதுவும் மாறவில்லை, அதனால் யாரும் மீடியேட்டரை எழுப்பவில்லை. பேனலைத் தொட்டதும் ஒரு செய்தி போனது, விழித்தது.

மறுக்கத் தெரிந்த எந்தப் பொருளும், மறுப்பு நீங்கியதும் "இப்போது தயார்" என்று சொல்லியாக வேண்டும். நேரம் கடப்பதும் ஒரு மாற்றம்தான். மோட்டார் ஓய்வு முடியும்போது டைமர் வைத்து பொறுப்பாளர்.மோட்டார்_தயார்() என்று கூப்பிடட்டும்.

"ஏற்று மோட்டார் கிளம்பி பத்து விநாடிக்குள் போர் மோட்டார் கிளம்பக்கூடாது" என்பதில் இரண்டு பெயர் இருப்பதால் அந்த டைமர் மட்டும் மீடியேட்டரிடம். தொடக்கத்திலும் இதே கவனம்: எல்லாவற்றையும் இணைத்து முடித்த பிறகு ஒரு முறை ஏதோ_மாறியது() என்று நீங்களே கூப்பிட வேண்டும். இணைப்பதற்கு முன் வந்த செய்திகள் யாருக்கும் போய்ச் சேர்ந்திருக்காது.

பெரம்பூர் | ஆகஸ்ட் 16, காலை 9.00

ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் ஓட்டப் போகிறீர்கள் என்றால்: ஜிபிஐஓ (சென்சார் வயர் சேரும் பின்கள்) கால்பேக் தனித் த்ரெட்டில் (கூடவே ஓடும் இன்னொரு ஓட்டத்தில்) வரும், டைமரும் தனி த்ரெட். மேலே சொன்ன "மறுபடி_பார்" முறை ஒரே த்ரெட்டுக்குத்தான். லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) போட்டுச் சமாளிக்கப் போனால், மீடியேட்டர் தன் லாக்கைப் பிடித்தபடி மோட்டாரைக் கூப்பிட, மோட்டார் தன் லாக்கைப் பிடித்தபடி மீடியேட்டரைக் கூப்பிட, இரண்டும் அப்படியே உறைந்துவிடும். கால்பேக்குகள் எல்லாம் ஒரு க்யூவில் செய்தி போட்டுவிட்டுத் திரும்பட்டும். ஒரே த்ரெட் க்யூவிலிருந்து எடுத்து எல்லாப் பொருளையும் தொடட்டும். அந்த உறைதலை, டெட்லாக்கை, தேடிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

மடிப்பாக்கம் | ஆகஸ்ட் 18, இரவு 8.30

க்யூ போட்டாயிற்று, எங்கும் உறையவில்லை. டெஸ்ட் எப்படி எழுதுவது? ஒவ்வொரு கலவைக்கும் ஒன்று என்றால் முடிவே இல்லையே.

பெரம்பூர் | ஆகஸ்ட் 18, இரவு 9.10

முடிவு உண்டு. ஏற்று மோட்டாருக்கு டேங்க் மூன்று நிலை (கேட்கிறது, கேட்கவில்லை, நிறைந்தது), சம்ப் இரண்டு, கரன்ட் இரண்டு, பேனல் இரண்டு. மொத்தம் 24 வரி. பொய் உறுப்புகளை (நாம் வைத்த நிலையை மட்டும் பதிலாகச் சொல்பவை) வைத்து ஒரே லூப்பில் ஓட்டலாம். அந்த 24-ல் மூன்றே மூன்றில்தான் மோட்டார் ஓட வேண்டும்: சம்ப்பும் கரன்ட்டும் சரியாக இருந்து, டேங்க் கேட்கும் இரண்டு வரி, கேட்காதபோது பேனல் கேட்கும் ஒரு வரி. மீதி 21-லும் நிற்க வேண்டும். நாலாவதாக இன்னொரு வரியில் ஓடினால் பக். நேரம் சம்பந்தப்பட்டவற்றுக்குத் தனி டெஸ்ட், பொய்க் கடிகாரம் வைத்து. நிஜமாக மூன்று நிமிடம் தூங்கும் டெஸ்ட்டை யாரும் ஓட்ட மாட்டார்கள்.

மடிப்பாக்கம் | ஆகஸ்ட் 20, காலை 10.00

லாரி வால்வு சேர்த்தேன். புது கிளாஸ் ஒன்று, பொறுப்பாளரில் ஒரு மெத்தட், போர் மோட்டாரின் தடை வரியில் "அல்லது லாரி.ஊற்றுகிறதா()". டேங்க், சம்ப், கரன்ட், பேனல், மோட்டார் ஃபைல் எதையும் திறக்கவில்லை. 9,000 லிட்டர் லாரி பாதி ஊற்றும்போது சம்ப் நிறைந்தால் வால்வு மூடுவதை எங்கே வைப்பது என்று யோசித்தேன், சம்ப், லாரி என்று இரண்டு பெயர் வந்தது, நடுவில் வைத்துவிட்டேன். ஜெனரேட்டரும் வரப்போகிறது. பொறுப்பாளர் இப்போதே 140 வரி. பிரிக்க வேண்டுமா?

பெரம்பூர் | ஆகஸ்ட் 20, காலை 10.45

வரியை எண்ணிப் பிரிக்காதீர்கள். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பாருங்கள். டேங்க், சம்ப், ஏற்று மோட்டார் ஒரு கூட்டம். சம்ப், போர், லாரி இன்னொரு கூட்டம். சம்ப் இரண்டிலும் இருக்கிறது. அதைக் கேட்பது மட்டும்தான், யாரும் ஆணையிடுவதில்லை, அதனால் பகிர்ந்துகொள்ளலாம். இரண்டையும் கட்டியிருக்கும் ஒரே கயிறு பத்து விநாடி இடைவெளி. அதை மட்டும் "கிளம்பும் அனுமதி" என்று சின்ன கிளாஸாக வெளியே எடுங்கள். இரண்டு பொறுப்பாளரும் கிளம்பும் முன் அதைக் கேட்கட்டும். மறுத்தால், நேரம் வந்ததும் அது இருவருக்கும் சொல்லட்டும். ஜெனரேட்டரில் ஓடும்போது ஒரு மோட்டாருக்குத்தான் தாங்கும் என்றால் அந்த விதியும் அங்கேயே போகும்.

ஜெனரேட்டர் வரும் வரை பிரிக்காமலே விடலாம். 24 வரி டேபிளை மட்டும் லாரிக்கும் சேர்த்து எழுதிவிடுங்கள். போர் மோட்டாருக்குத் தனி டேபிள்.